மெகலோடன் சுறா

மெகலோடன் என்பது இன்றைக்குச் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன மாபெரும் சுறா இனமாகும். இதன் அறிவியல் பெயர் ஓட்டோடஸ் மெகலோடன். புவியில் இதுவரை வாழ்ந்த ஊனுண்ணி மீன்களில் இதுவே மிகப் பெரியது எனக் கருதப்படுகிறது. துருவப் பகுதிகள் நீங்கலாக உலகின் பெரும்பாலான கடல்களில் இது வாழ்ந்தது. மியோசீன், பிளியோசீன் என்னும் இரு புவியியல் காலங்களில் கடல் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருந்த இந்தச் சுறா ஏன் மறைந்தது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. அது எப்போது மறைந்தது என்பதே அண்மைக் காலம் வரை சரியாகக் கணிக்கப்படாமல் இருந்தது. அந்தக் காலக்கணிப்பு திருத்தப்பட்டபோது, அழிவுக்குச் சொல்லப்பட்டு வந்த சில காரணங்களும் கேள்விக்குள்ளாயின.

பற்கள் மட்டும் எஞ்சியது ஏன்?

மெகலோடனின் முழு எலும்புக்கூடு எங்கும் கிடைத்ததில்லை. இனிமேல் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. சுறாக்களின் உடற்கூடு எலும்பால் ஆனதன்று, குருத்தெலும்பால் ஆனது. சுறாப்புட்டு செய்வதற்காக மீனை வேகவைத்து உதிர்த்தவர்களுக்கு இது நேரடியாகத் தெரியும்: மற்ற மீன்களில் போல முள் எடுக்கும் வேலை அதில் இல்லை. சுறா இறந்ததும் குருத்தெலும்பு விரைவில் சிதைந்துவிடுகிறது. கல்லாக மாறும் அளவுக்கு அது நிலைப்பது அரிது.

பற்களின் கதை வேறு. அவற்றின் வெளிப்பூச்சு மிகக் கடினமானது. மேலும் சுறாக்களுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் நகர்ந்து அந்த இடத்துக்கு வரும். இவ்வாறு ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. மெகலோடனின் வாயில் ஒரே நேரத்தில் 250-க்கும் மேற்பட்ட பற்கள் பல வரிசைகளில் இருந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உலகக் கடல்களின் அடியில் இவற்றின் பற்கள் விழுந்துகொண்டே இருந்தன. அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா, மேரிலாந்து, புளோரிடா மாநிலங்களிலும் பெரு, சிலி, பனாமா, மால்ட்டா, சப்பான், ஆத்திரேலியா முதலிய நாடுகளிலும் இவை கிடைக்கின்றன. இந்தியாவில் ஒடிசாவின் பாரிபதா பகுதியிலுள்ள மியோசீன் காலப் படிவுகளிலிருந்து இந்த இனத்தின் பற்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன.

பற்கள் முக்கோண வடிவம் கொண்டவை. தடிப்பானவை. ஓரங்களில் ரம்பம் போன்ற நுண்ணிய பற்காம்புகள் சீராக அமைந்திருக்கும். மிகப் பெரியவை சாய்வு உயரத்தில் ஏறத்தாழ 18 செ.மீ. இருக்கின்றன, இன்றைய பெருவெள்ளைச் சுறாவின் பெரிய பல் 7 செ.மீ. அளவே. பற்களுக்கு அடுத்தபடியாகக் கிடைப்பவை முதுகெலும்புத் தண்டின் வட்ட வடிவ முள்ளெலும்புகள். சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிய குருத்தெலும்பு என்பதால் இவை சில இடங்களில் தப்பியுள்ளன. இவற்றைத் தவிர, மிகச் சில செதில்கள். மெகலோடனைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே இந்த மூன்றிலிருந்தும், அதன் கடித்தடம் பதிந்த பிற விலங்குகளின் எலும்புகளிலிருந்தும் ஊகித்து அறியப்பட்டவை.

நாக்குக் கற்கள்

இந்தப் பற்கள் அறிவியலுக்குத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே மக்களுக்குத் தெரிந்திருந்தன. ஐரோப்பாவில் இவற்றை நாக்குக் கற்கள் என்றனர். உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, சந்திர கிரகணத்தின்போது இவை வானிலிருந்து விழுகின்றன என்ற நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளார். மால்ட்டா தீவில், புனித பவுல் சபித்ததால் கல்லாகிப்போன பாம்புகளின் நாக்குகள் இவை என நம்பப்பட்டது. நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டு என்று கருதி இவற்றைத் தாயத்தாக அணிந்தனர். பிரபுக்களின் விருந்துகளில் மதுவில் நஞ்சு கலந்திருந்தால் முறியட்டும் என்று கிண்ணத்தில் தோய்த்தனர். சப்பானில் தெங்கு என்னும் மலைப் பூதத்தின் நகங்கள் என்று இவை அழைக்கப்பட்டன.

இத்தாலிய அறிஞர் பாபியோ கொலோன்னா 1616-இல் இவை சுறாப் பற்களே என வாதிட்டார். ஆனால் அக்கருத்தை நிலைநிறுத்தியவர் தென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் நிக்கோலாசு ஸ்டெனோ. 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே மீனவர்கள் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையை அறுத்து ஆராயும் பணி புளோரன்சில் இருந்த ஸ்டெனோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பற்களைக் கண்ட அவர், நாக்குக் கற்கள் பழங்காலச் சுறாக்களின் வாயிலிருந்து வந்தவை என்ற முடிவை 1667-இல் வெளியிட்டார். அப்படியானால் கடல்மீனின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போனது என்ற கேள்வி அவரை அடுத்த கட்டத்துக்கு இட்டுச் சென்றது. பாறை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகின்றன. கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்ற விதியை அவர் 1669-இல் வகுத்தார். இன்றைய புவியியலின் அடித்தளங்களில் ஒன்று இவ்வாறு ஒரு சுறாத் தலையிலிருந்து தொடங்கியது.

பெயரும் வகைப்பாடும்

சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் லூயி அகாசி, தொல்மீன்களைப் பற்றிய தமது பெரும் நூலில் இதற்குக் கார்க்கரோடான் மெகலோடன் என்று பெயரிட்டார். அந்நூல் 1843-இல் நிறைவுற்றது. கிரேக்க மொழியில் மெகலோடன் என்பதற்குப் பெரும்பல் என்று பொருள். இதன் பற்களும் பெருவெள்ளைச் சுறாவின் பற்களும் ரம்ப ஓரமும் முக்கோண வடிவமும் உடையவை என்பதால் இரண்டையும் அவர் ஒரே பேரினத்தில் சேர்த்தார். அந்த ஒரு முடிவு அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மெகலோடனை ஊதிப் பெரிதாக்கிய பெருவெள்ளைச் சுறாவாகவே எல்லோரையும் கற்பனை செய்ய வைத்தது. அருங்காட்சியக மாதிரிகளும் திரைப்படங்களும் இன்றும் பெரும்பாலும் அதே உருவத்தையே காட்டுகின்றன.

இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஓட்டோடஸ் என்ற பேரினத்தில், அற்றுப்போன வேறொரு குடும்பத்தில் வைக்கின்றனர். அந்த மரபுவரிசையின் முன்னோர்களுடைய பற்களில் நடுக்கூர்ப்பின் இருபுறமும் இரண்டு சிறு கூர்ப்புகள் இருந்தன. ஓரம் மழமழப்பாக இருந்தது. காலம் செல்லச் செல்ல ஓரத்தில் ரம்ப அமைப்பு தோன்றியது, பக்கக் கூர்ப்புகள் சிறுத்தன, மெகலோடனில் முற்றாக மறைந்தன. பெருவெள்ளைச் சுறாவோ அகலப் பல் கொண்ட மேக்கோ சுறாவின் உறவினத்திலிருந்து வந்தது. பெருவில் கிடைத்த இடைநிலைத் தொல்லுயிர் எச்சம் ஒன்று இதை உறுதி செய்தது. எனவே இவ்விரண்டும் மூதாதையும் வழித்தோன்றலும் அல்ல. தொலைவுச் சொந்தங்கள், பின்னர் போட்டியாளர்கள்.

எவ்வளவு பெரியது?

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1909-இல் மெகலோடனின் தாடை மாதிரி ஒன்று அமைக்கப்பட்டது. மனிதர்கள் உள்ளே அமர்ந்திருக்கும் அதன் புகைப்படம் உலகெங்கும் பரவியது. அதை வைத்து இச்சுறா 30 மீட்டர் நீளம் இருந்திருக்கும் எனக் கணித்தனர். தாடையின் பக்கவாட்டிலும் பின்பகுதியிலும் இருக்கும் பற்கள் முன்பற்களைவிடச் சிறியவை என்பதைக் கவனிக்காமல், எல்லா இடத்திலும் பெரிய பற்களையே பொருத்தியதால் வந்த பிழை அது. பின்னர் பல்லின் உயரத்தை உடல் நீளத்தோடு ஒப்பிடும் சூத்திரங்கள் உருவாக்கப்பட்டன. அவை பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் வரை விடை தந்தன.

இவ்வளவு மாறுபாட்டுக்கும் காரணம் ஒன்றுதான். பல்லிலிருந்து உடலை அளக்க வேண்டுமானால் உயிரோடிருக்கும் ஒரு சுறாவை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும். எந்தச் சுறாவைக் கொள்வது என்பதிலேயே விடை மாறிவிடுகிறது. பெல்சியத்தின் ஆண்ட்வெர்ப் பகுதியில் 1860-களில் கிடைத்த முதுகெலும்புத் தண்டு இதற்கு நல்ல சான்று. ஒரே சுறாவுக்குரியதாகக் கருதப்படும் 141 முள்ளெலும்புகள் அதில் உள்ளன. பிரசல்சிலுள்ள அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. முள்ளெலும்பின் விட்டத்தைப் பெருவெள்ளைச் சுறாவின் விகிதத்தோடு ஒப்பிட்டு அச்சுறாவின் மொத்த நீளம் 9.2 மீட்டர் எனக் கணித்தனர். ஆனால் அதே முள்ளெலும்புகளை வரிசையாக வைத்து அளந்தால் தண்டு மட்டுமே 11.1 மீட்டர் வருகிறது. உடலைவிட முதுகெலும்பு நீளமாக இருக்க முடியாது. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டி, மெகலோடன் பெருவெள்ளைச் சுறாவைப் போலப் பருத்ததன்று, அதைவிட ஒல்லியாக நீண்டது என்று வாதிட்டது.

இதற்கு முன், 2022-இல் வெளியான முப்பரிமாண மாதிரி அதே பெல்சியச் சுறாவுக்கு 15.9 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 61 டன் எடையும் கொடுத்திருந்தது. 2025-இல் பல்வேறு சுறாக்களின் உடல் விகிதங்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, எலுமிச்சைச் சுறாவின் வடிவமே மெகலோடனுக்கு நெருக்கமானது என்றது. தென்மார்க்கில் கிடைத்த 23 செ.மீ. விட்டமுள்ள முள்ளெலும்பைக் கொண்டு, மிகப் பெரிய மெகலோடன் 24.3 மீட்டர் நீளமும் 94 டன் எடையும் கொண்டிருக்கலாம் எனவும் அது கணித்தது. ஒப்பீட்டுக்காக: இன்று உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா 18 மீட்டர் அளவை எட்டக்கூடியது, அது மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ணும் சாதுவான மீன்.

கடிக்கும் விசையைப் பொறுத்தவரை, 2008-இல் வெளியான கணினி ஆய்வு மெகலோடனுக்கு 1,08,000 முதல் 1,82,000 நியூட்டன் வரை கணித்தது. பெருவெள்ளைச் சுறாவுக்கு அதே ஆய்வு தந்த உச்ச அளவு ஏறத்தாழ 18,000 நியூட்டன். மெகலோடனின் உடல் எடை பற்றிய கணிப்பைச் சார்ந்தவை என்பதால் இந்த எண்களையும் உத்தேசமாகவே கொள்ள வேண்டும்.

வெப்பமான உடல்

பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பநிலை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே. மேக்கோ, பெருவெள்ளைச் சுறா, சூரை போன்ற சில மீன்கள் மட்டும் தசைகளில் உண்டாகும் வெப்பத்தை வீணாக்காமல் உடலின் சில பகுதிகளைச் சூடாக வைத்துக்கொள்கின்றன. மெகலோடனும் அவ்வகையே என்பது 2023-இல் பற்களின் வேதியியல் ஆய்வு மூலம் தெரியவந்தது. பல்லின் கனிமத்தில் கரிமம், உயிர்வளி ஆகியவற்றின் கனமான ஓரிடத்தான்கள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குப் பிணைந்துள்ளன என்பது அந்தப் பல் உருவானபோது இருந்த வெப்பநிலையைப் பொறுத்தது. அதை அளந்தபோது மெகலோடனின் உடல் சராசரியாக 27 பாகை செல்சியசு இருந்ததும், அது சூழ்ந்திருந்த நீரைவிட ஏறத்தாழ 7 பாகை அதிகம் என்பதும் கணக்கிடப்பட்டது.

சூடான உடல் குளிர்ந்த நீரிலும் நீந்தவும், உணவை விரைவாகச் செரிக்கவும் உதவும். ஆனால் அதற்கு விலை உண்டு. அடுப்பு அணையாமல் எரிய விறகு வேண்டும். 2022-ஆம் ஆண்டு மாதிரியின்படி முழு வளர்ச்சி பெற்ற மெகலோடனுக்கு நாளொன்றுக்கு 98,000 கிலோ கலோரிக்கு மேல் தேவைப்பட்டது. ஒரு மனிதனுக்கு 2,000 கிலோ கலோரி என்று கொண்டால் இது சுமார் 50 பேரின் உணவு. எண்ணாகப் பார்க்கையில் மலைப்பூட்டுவதாக இல்லை. ஆனால் அதைச் சிறு மீன்களாகத் துரத்திப் பிடித்துச் சேர்ப்பது 60 டன் உடலுக்குக் கட்டுப்படியாகாது. கொழுப்பு நிறைந்த பெரிய இரைகள் அடிக்கடி கிடைத்தாக வேண்டும். சப்பானில் பற்களோடு பாறையில் ஒட்டியிருந்த நுண்செதில்களை ஆராய்ந்தவர்கள், வேகமாக நீந்தும் சுறாக்களின் செதில்களில் காணப்படும் நெருக்கமான வரிமேடுகள் இவற்றில் இல்லை என்கின்றனர். வழக்கமாக மெதுவாக நீந்தி, தேவைப்படும்போது மட்டும் பாய்ந்திருக்கும் என்பது அவர்களின் கருத்து.

உணவும் குட்டிகளும்

பெருவின் பிசுக்கோ படிவுகளில் கிடைத்த சிறிய வகைத் திமிங்கலம் ஒன்றின் எலும்புகளிலும், தொல்காலக் கடல்நாய் வகை ஒன்றின் எலும்பிலும் ரம்பப் பற்களின் கீறல்கள் உள்ளன. அவை மெகலோடனுடையவை எனக் கருதப்படுகின்றன. மியோசீன் கடல்களில் இன்றுள்ளதைவிடப் பல வகையான திமிங்கலங்கள் இருந்தன. அவற்றுள் பல 10 மீட்டருக்கும் குறைவானவை. செட்டோதீரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த குட்டைத் திமிங்கலங்கள் குறிப்பிடத்தக்கவை. மெகலோடனின் அளவுக்கு அவை ஏற்ற இரை. எனினும் அது திமிங்கலம் மட்டுமே உண்டது என்று சொல்வதற்கில்லை. 2025-இல் செருமனியில் கிடைத்த பற்களின் துத்தநாக ஓரிடத்தான்களை அளந்த ஆய்வு, உணவுச் சங்கிலியின் பல படிகளிலிருந்தும் இது இரை தேடியது என்று காட்டியது. கிடைத்ததை உண்ணும் விலங்கு என்றே கொள்ளலாம்.

பெல்சிய முள்ளெலும்புகளில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வரிகள் உள்ளன. அவற்றை எண்ணியதில் அந்தச் சுறா 46 வயதில் இறந்தது தெரிந்தது. பிறக்கும்போதே அது 2 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என 2021-இல் கணித்தனர். பிற்கால ஆய்வு இதையும் உயர்த்தி 3.6 மீட்டருக்கு மேல் என்றது. ஆளைவிடப் பெரிய குட்டி. கருப்பைக்குள் முதலில் பொரித்த குட்டி மற்ற முட்டைகளைத் தின்று வளர்வது இவ்வகைச் சுறாக்களில் இன்றும் காணப்படுகிறது. மெகலோடனிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும் எனக் கருதப்படுகிறது. இதன் பொருள், ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள் மிகச் சிலவே.

அவ்வளவு பெரிய குட்டிக்கும் பாதுகாப்பு வேண்டியிருந்தது. பனாமாவின் கத்தூன் படிவுகளில் சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மெகலோடன் பற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை இளஞ்சுறாக்களுடையவை. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, மீன் நிறைந்த அந்தக் கடற்பகுதி குட்டிகள் வளரும் நாற்றங்காலாக இருந்தது என்று 2010-இல் வெளியான ஆய்வு முன்மொழிந்தது. பத்தாண்டுகள் கழித்து எசுப்பானியாவிலும் வேறு சில இடங்களிலும் இத்தகைய நாற்றங்கால்கள் அடையாளம் காணப்பட்டன.

அழிவு

மெகலோடன் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது என்பது 2014-இல் செய்யப்பட்ட கணக்கு. பிளியோசீன் காலம் முடிந்து பனியூழிகள் நிறைந்த பிளீஸ்டோசீன் காலம் தொடங்கும் எல்லையும் அதுவே. எனவே கடல் குளிர்ந்ததால் மெகலோடன் மடிந்தது என்ற விளக்கம் இயல்பாகவே பொருந்தியது. பள்ளிப் பாடங்களிலும் காணொளிகளிலும் இதுவே இன்னும் சொல்லப்படுகிறது. 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அருகே வெடித்த விண்மீனின் கதிர்வீச்சு கடலின் பெரிய விலங்குகளைப் பாதித்திருக்கலாம் என்ற கருதுகோளும் 2018-இல் இதே தேதியை நம்பி எழுந்தது.

2019-இல் கலிபோர்னியா, மெக்சிக்கோ கரையோரப் படிவுகளிலிருந்து கிடைத்த பற்களை ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்தனர். ஒரு பல் எந்த அடுக்கில் கிடைக்கிறதோ அதே வயதுடையது என்று எப்போதும் கொள்ள முடியாது. பழைய பாறையை அலைகள் அரித்து, அதிலிருந்த பல்லைப் புதிய மணலில் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய சாமான்கள் இருந்த வீட்டை இடித்து அந்த மண்ணைப் புது மனையில் கொட்டியது போன்றது அது. அவ்வாறு இடம் மாறியவற்றையும், கிடைத்த இடம் தெளிவாகப் பதிவு செய்யப்படாதவற்றையும் நீக்கியபோது, நம்பத்தகுந்த கடைசிப் பற்கள் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவையாக இருந்தன. ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டு வேறுபாடு.

இந்த வேறுபாடு சிறியதன்று. விண்மீன் வெடிப்பு மெகலோடன் மறைந்து 10 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் நடந்த நிகழ்வாகிவிட்டது. வட அரைக்கோளத்தில் பெரும் பனிப்படலங்கள் பரவத் தொடங்கியதும் சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். மாறாக, 33 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புவி இன்றைவிட 2 அல்லது 3 பாகை வெப்பமாக இருந்தது. குளிரால் செத்தது என்றால், பெருங்குளிர் வருமுன்பே செத்திருக்கிறது. தன் உடலைத் தானே சூடாக்கிக்கொண்ட மீனுக்குச் சில பாகைக் குளிர் நேரடியாக எமனாகும் என்பதும் நம்பக் கடினமானது. உலகெங்கும் கிடைத்த எச்சங்களை வரைபடத்தில் பொருத்திப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வும் வெப்பநிலைக்கும் இதன் பரவல் சுருங்கியதற்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை.

பனாமா நிலச்சந்தி மூடியதும் அடிக்கடி சொல்லப்படும் காரணம். பசிபிக், அத்திலாந்திக்குப் பெருங்கடல்களை இணைத்திருந்த நீர்வழி மெல்ல மெல்லக் குறுகி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அடைபட்டது. முழு அடைப்பு மெகலோடனின் மறைவுக்குப் பிந்தையது. ஆனால் குறுகும் செயல் பல லட்சம் ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் நீரோட்டங்கள் மாறின, கரையோரத்தின் ஆழமற்ற பகுதிகள் மாறின. குட்டிகள் வளர்ந்த இடங்கள் இதனால் குறைந்திருக்கக்கூடும். பனாமாவின் அந்தப் பழைய நாற்றங்கால் இன்று தரையாக இருக்கிறது.

மீதமிருப்பவை இரையும் போட்டியும். குட்டைத் திமிங்கல வகைகள் மியோசீன் இறுதியிலிருந்தே ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தன. நடுத்தர அளவு இரை அருகியது. தப்பிய திமிங்கலங்களுள் பல, பருவத்துக்கேற்ப நெடுந்தூரம் வலசை போய் குளிர்ந்த கடல்களில் இரை தேடும் வழக்கத்துக்கு மாறின. அதே காலத்தில் பெருவெள்ளைச் சுறா உருவாகி, சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரும்பகுதிக்கும் பரவிவிட்டது. 2022-இல் பற்களின் துத்தநாகத்தை ஒப்பிட்டவர்கள், பிளியோசீன் தொடக்கத்தில் வட கரோலினாவில் வாழ்ந்த பெருவெள்ளைச் சுறாவும் மெகலோடனும் உணவுச் சங்கிலியில் ஏறத்தாழ ஒரே படியில் இருந்ததைக் கண்டனர். அதே ஆண்டு நைதரசனை அளந்த வேறொரு குழு, மெகலோடன் இன்றைய எந்தக் கடல் வேட்டை விலங்கையும்விட மிக உயர்ந்த படியில் இருந்தது என்றது. இரண்டு முடிவுகளையும் பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது.

முழு வளர்ச்சி பெற்ற மெகலோடனோடு 5 மீட்டர் சுறா மோதி வென்றிருக்காது. ஆனால் போட்டி அங்கு நடந்திருக்க வேண்டியதில்லை. 4, 5 மீட்டர் அளவுள்ள மெகலோடன் குட்டிக்கு வேண்டிய மீனும் கடல்நாயும்தான் பெருவெள்ளைச் சுறாவுக்கும் வேண்டியிருந்தன. சிறிய உடல், குறைந்த தேவை, விரைவான முதிர்ச்சி ஆகியவை பெருவெள்ளைச் சுறாவுக்குச் சாதகம். மெகலோடனோ முதிர்ச்சி அடையவே பல்லாண்டுகள் எடுத்து, சில குட்டிகளையே ஈன்றது. அத்தகைய இனத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் பிழைக்கும் குட்டிகள் சிறிதளவு குறைந்தாலே போதும். சில ஆயிரம் ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கை சரிந்துவிடும். கொலைகாரத் திமிங்கலம் எனப்படும் ஓர்க்காவையும் சிலர் போட்டியாளராகச் சொல்வதுண்டு. அதன் பழங்கால உறவினங்கள் மீன்களையே உண்டன என்பதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளதால் அக்கருத்து இப்போது வலுவிழந்துள்ளது.

மெகலோடன் தனியாகப் போகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பிளியோசீன் காலத்தில் கடற்பசுக்கள், கடலாமைகள், கடற்பறவைகள், திமிங்கலங்கள் எனப் பெருங்கடல் விலங்குகளின் பேரினங்களில் 36 விழுக்காடு அற்றுப்போயின என்று 2017-இல் கணக்கிடப்பட்டது. அதுவரை கவனத்துக்கே வராத அழிவு அது. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் கரையோர வாழிடங்கள் சுருங்கியதை அந்த ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் காட்டினர். மிகுந்த ஆற்றல் தேவைப்பட்ட வெப்ப உடல் விலங்குகளே அதில் அதிகம் அடிபட்டன.

இன்னும் வாழ்கிறதா?

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரித்தானிய ஆய்வுக்கப்பல் சேலஞ்சர், பசிபிக்கின் ஆழத்திலிருந்து மெகலோடன் பற்களை வாரி எடுத்தது. அவற்றின் மேல் மாங்கனீசு படிந்திருந்தது. அந்தப் படிவின் தடிமனைக் கொண்டு, பற்கள் 24,000 முதல் 11,000 ஆண்டுகள் வரை மட்டுமே பழையவை என்று 1959-இல் ஒருவர் கணக்கிட்டார். மெகலோடன் மிக அண்மைக் காலம் வரை வாழ்ந்தது, ஏன் இன்றும் ஆழ்கடலில் வாழக்கூடும் என்ற பேச்சுக்கு இதுவே வித்து. ஆழ்கடலில் மாங்கனீசு படியும் வேகம் இடத்துக்கு இடம் மாறுபடும். பொதுவாக அது மிக மிக மெதுவானது. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே படியும் இடங்கள் உண்டு. அந்தக் கணக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. 2013-இல் நடிகர்களை அறிவியலாளர்களாக வைத்து எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் பலரை நம்ப வைத்தது. 2018-இல் வெளியான தி மெக் திரைப்படம், தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொண்டே அதே ஆசையை வளர்த்தது.

1938-இல் சீலகாந்த் மீனும் 1976-இல் பெருவாய்ச் சுறாவும் எதிர்பாராமல் கிடைத்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. அவை இரண்டும் ஆழத்தில் ஒதுங்கி வாழ்பவை. மெகலோடன் வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரிலும் கரையோரத்திலும் வேட்டையாடியது. இரை அரிதான, உறையும் குளிருள்ள ஆழ்கடலில் அதன் பசிக்குத் தீனி இல்லை. அது இன்று இருந்தால் புதிய பற்கள் கடலடியில் கிடக்க வேண்டும். திமிங்கலங்களின் உடலில் பெரிய கடிவடுக்கள் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை.

ஆழ்கடலிலிருந்து இன்னமும் கிடைப்பவை பழைய பற்களே. 2022-இல் பசிபிக்கின் ஜான்ஸ்டன் பவளத்தீவு அருகே 3,090 மீட்டர் ஆழத்தில், கடலடி மலை ஒன்றின் மேல் மெகலோடன் பல் ஒன்று கிடப்பதை ஆளில்லா ஊர்தியின் படக்கருவி பதிவு செய்தது. கடலடியில் விழுந்த இடத்திலேயே இருந்த நிலையில் படமெடுக்கப்பட்ட முதல் மெகலோடன் பல் அது. அதே ஆண்டு இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளை அடுத்து, 5,400 மீட்டர் ஆழத்தில் வலை இழுத்த ஆத்திரேலிய ஆய்வுக்கப்பல் ஒன்றுக்கு 750-க்கும் மேற்பட்ட சுறாப் பற்கள் ஒரே இழுப்பில் கிடைத்தன. மேக்கோ, பெருவெள்ளைச் சுறா ஆகியவற்றின் உறவினங்களோடு, மெகலோடனின் நேர் மூதாதையான சுறா ஒன்றின் பற்களும் அந்தக் குவியலில் இருந்தன.